கடலாமையின் அடுத்த மூச்சு

சென்ற ஆடியில் ஒரு காலை, கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தெருமுனையில் மொபெட்டில் மீன் விற்பவர், வாளியும் கையுமாக என் வாசலில் வந்து நின்றார். கடற்கரையிலிருந்து வந்த மத்திப் பெட்டியில், ஐஸுக்கு அடியில் கிடந்ததாம். வாளி நிறையக் குழாய்த் தண்ணீர். அதற்குள் சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறிய ஓர் ஆமை.

"ஏனுங்க சார், இதை வாளையார் டேம்ல உட்டுறலாமுங்களா?"

துடுப்புக் கால்கள். கண்களுக்கு நடுவே ஒரே ஓர் இணைச் செதில். பச்சைக் கடலாமையேதான்.

"இது கடல்ல இருக்கறது. டேம்ல பொழைக்காது. மொதல்ல அந்தத் தண்ணியக் கொட்டுங்க."

"தண்ணிப் பிராணிங்க சார்! தண்ணியக் கொட்டச் சொல்றீங்க?"

"நீந்தத் தெம்பில்லை. அதுக்கும் நம்ம மாதிரி நுரையீரல்தான். மூழ்கிச் செத்துரும்."

அவர் தண்ணீரைக் கொட்டினார். நான் வனத்துறைக்குத் தொலைபேசினேன். வண்டி வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள். துண்டை நனைத்து, மூக்கை மட்டும் விட்டு, ஓட்டின்மேல் போர்த்தினேன்.

"முப்பது வருசம் காலேஜ்ல ஆமைப் பாடம் நடத்துனீங்க. உசுரோட ஒண்ணாச்சும் பாத்திருக்கீங்களாங்க?"

"இல்லை. எல்லாம் ஃபார்மலின் ஜாடிதான்."

"அப்ப நானே தேவலைங்க."

அவர் வாளிக்குள் குனிந்து பார்த்தார். ஆமை அசையவில்லை.

"போயிருச்சுங்களா?"

குளிரில் ஒடுங்கிய கடலாமை நெடுநேரத்துக்கு ஒருமுறையே மூச்சு விடும் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியவன் நான். ஆயினும் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினேன். பங்குனியில், மருத்துவமனையில் என் மனைவியின் கட்டிலருகே இவ்வாறே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று ஒரு மூச்சுக்குப் பின் அடுத்தது வரவில்லை. வராது என்பதை நான் ஒப்புக்கொள்ளச் செவிலி வரவேண்டியிருந்தது.

ஆமை தலையைத் தூக்கியது. சீறலோடு காற்றை வெளியே தள்ளி, உள்ளிழுத்து, மறுபடி தலையைச் சாய்த்தது.

"அட, மூச்சு உட்டுருச்சுங்க சார்!" என்று அவர் என் தோளில் ஓங்கித் தட்டினார். சட்டையில் மத்தி வாடை ஏறியது. நான்கு மாதங்களில் என்னை ஒருவர் தொட்டது அன்றுதான்.

வண்டி வருவதற்குள் இன்னும் பதினொரு முறை மூச்சு விட்டது. எண்ணினேன்.

இரு வாரங்கள் கழித்து வனத்துறையிலிருந்து ஒரு பெண் அழைத்தார். ஆமை இரை எடுக்கத் தொடங்கியதாகவும், அன்று காலை படகில் கொண்டுபோய்க் கடலில் விட்டதாகவும் சொன்னார். நான் உடனே தெருமுனைக்கு நடந்தேன். மீன் நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டவர், கடைசியில் கத்தியைக் கீழே வைத்தார்.

"உள்ள போனது மேல வந்துச்சுங்களா? மூச்செடுத்துச்சுங்களா?"

"எடுத்துச்சாம். பார்த்திருக்காங்க."

வீடு திரும்பிச் சோறு வடித்தேன். பங்குனிக்குப் பிறகு அன்றுதான் இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டேன்.