வளையல் சத்தம் நின்ற நாள்

"வளையல் எத்தனை நாளா இப்படி டைட்டா இருக்கு?" என்று டாக்டரம்மா கேட்டார். அவர் அதைக் கேட்டு இரண்டரை வருஷம் ஆகிறது. எந்த நாளில் இறுகியது என்று இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு அது முதல் பிரசவம். மந்தைவெளியில், புக்ககத்தில், ஏழாம் மாதம் வளைகாப்பு நடந்தது. இரண்டு கையிலும் கண்ணாடி வளையலாக அடுக்கினார்கள். குழந்தை பிறக்கும்வரை கழற்றக் கூடாது, பிறந்ததும் பிரசவத்துக்குக் கூட இருந்தவளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். முதல் வாரம் நான் சாதம் பரிமாறினால் கூடமெல்லாம் கலகலவென்று கேட்கும். "மன்னி வரா, வழி விடுங்கோ" என்று நாத்தனார் கேலி செய்வாள்.

அந்த வாரம்தான் மாதாந்திரப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாளும் வந்தது. வீடு நிறைய உறவுக்காரர்கள். "அடுத்த தடவை சேர்த்துப் பார்த்துக்கறேன்" என்று நானேதான் சொன்னேன். இதை இங்கே எழுதிவிட வேண்டும். பிற்பாடு எல்லோரும் மாமியாரைத்தான் குறை சொன்னார்கள்.

அப்புறம் எப்போதோ வளையல்கள் நகராமல் போயின. மணிக்கட்டில் தடம் விழுந்தது. மாமியாரிடம் காட்டினேன்.

"உடம்பு பூரிச்சிண்டு வரதுடி. நோஞ்சானா இருந்தே, இப்பத்தான் பார்க்க லட்சணமா இருக்கே."

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. தலை வலித்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்தால் போய்விடும் என்று நினைத்தேன். பி.யு.சி.யில் விஞ்ஞானம் படித்தவள் நான்.

அடுத்த தடவைப் பரிசோதனைக்குப் போனபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்த ஆயாதான் முதலில் கவனித்தாள். "இன்னா தாயி, வளையல் ஊமையாயிட்ச்சா? மத்ததுங்க வந்தா கேட்டாண்டயே சத்தம் கேக்குது!" என்று சிரித்தபடி என் கையைப் பிடித்தாள். பிடித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. வரிசையைத் தாண்டி நேராக டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள்.

ரத்த அழுத்தம் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி பார்த்தார்கள். சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் காய்ச்சினார்கள். திரிந்த பால்போல வெளுத்தது; புரதம் போகிறது என்றார்கள். அன்றே படுக்கையில் சேர்த்துவிட்டார்கள். ஆயா சோப்பு நுரை போட்டு, ஒன்றுகூட உடையாமல் வளையல்களைக் கழற்றினாள். வலி வர மருந்து கொடுத்து, நாள் நிறையும் முன்பே பெண் பிறந்தாள். எடை குறைவு. ஆனால் நன்றாக அழுதாள். வளையல்கள் ஆயாவுக்கே போயின.

இப்போது மறுபடி ஆறாம் மாதம். முன்பு பார்த்த டாக்டரம்மா உப்பில்லாமல் சாப்பிடச் சொல்லியிருந்தார். புதிதாக வந்திருக்கும் டாக்டரோ, "உப்பைக் கொறைச்சா இந்தப் பிரஷர் வராதுன்னு யாரும் நிரூபிக்கலைம்மா. நல்லா இருக்கறவங்களுக்கும் கை கால் வீங்கும். வீங்காமலே பிரஷர் ஏறவும் செய்யும். அளந்து பாத்தாத்தான் தெரியும். தலை வலிச்சா, கண் கூசினா, மேல்வயிறு வலிச்சா, தேதிக்குக் காத்திருக்காம உடனே வாங்க" என்கிறார். தினமும் தட்டில் உப்பை வைத்துக்கொண்டு, போடுவதா வேண்டாமா என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டாவதற்கு வளைகாப்பு கிடையாது. நானாகவே மாட வீதியில் ஒரு டஜன் கண்ணாடி வளையல் வாங்கிப் போட்டுக்கொண்டேன். காலையில் எழுந்ததும் கையை உதறிப் பார்ப்பேன். சத்தம் கேட்டால் நிம்மதி. ஆனால் வீங்காமலே ஏறுமென்றால், அந்த நிம்மதிக்கு என்ன அர்த்தம்?

போன மாதம் தலைவலி என்று இரண்டு தடவை ரிக்‌ஷா வைத்துக்கொண்டு ஓடினேன். இரண்டு தடவையும் அழுத்தம் சரியாக இருந்தது. "பேசாம ஆஸ்பத்திரியிலேயே குடித்தனம் வெச்சுடலாமே மன்னி" என்றாள் நாத்தனார். முன்பு 'உடம்பு பூரிச்சிண்டு வரது' என்று சொன்னது அப்படி ஆனதிலிருந்து மாமியார் என் உடம்பைப் பற்றிப் பேசுவதே இல்லை. அதுவும் கஷ்டமாக இருக்கிறது.

இன்று காலையிலிருந்து தலை கனக்கிறது. வலியா, வெறும் கனமா, தெரியவில்லை. வளையல் ஒலிக்கத்தான் செய்கிறது. இதை இத்துடன் நிறுத்திவிட்டுக் கிளம்பப் போகிறேன். அளந்து பார்த்து, இந்தத் தடவையும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால், நான்காவது தடவை வீட்டில் என்ன சொல்லிக்கொண்டு செருப்பை மாட்டுவது? இப்படி ஓடி ஓடிப் பிள்ளை பெற்றவர்கள் இதைப் படிப்பவர்களில் இருப்பீர்கள். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.