ரெண்டு ஜாரும் தர்மபுரியும்

வீடு வீடாக மிக்சி விற்கப் போகிறவனுக்கு முதல் பதில் கதவு திறப்பதற்கு முன்பே வந்துவிடும்: "ஒண்ணும் வேண்டாம்!" வந்தது யார், கையில் என்ன என்று எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பை தூக்கி அலைந்த அண்ணாச்சிமார்களே, உங்களுக்கு இது தெரியாததா? குக்கர், சேலை, இன்ஷூரன்ஸ் என்று நீங்கள் எதைத் தூக்கிக்கொண்டு போயிருந்தாலும் நமக்கெல்லாம் ஒரே வரவேற்புதான். தொண்ணூறுகளில் நான் மொபெட்டின் முன்னால் ஒரு மிக்சியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு திருநெல்வேலிச் சீமை முழுக்கச் சுற்றினேன். அதில் ஒரு வருஷத்துக் கூத்தை மட்டும் சொல்கிறேன்.

மேனேஜர் வைத்த கெடு

எங்கள் மேனேஜர் மதுரையில் இருந்தார். ஆடி மாதம் ஒரு நாள் திருநெல்வேலி வந்தவர், ஜங்ஷன் பக்கம் ஒரு ஓட்டலில் எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தார். அவர் காபி வாங்கிக் கொடுத்தாலே விவகாரம்தான். "தீபாவளி வரைக்கும் பார்ப்பேன். இங்க விற்பனை ஏறலேன்னா உங்களைத் தர்மபுரிக்கு மாத்திருவேன்" என்றார். தர்மபுரி மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. ஆனால் என் மனைவி மரகதம் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். மகள் உமா அப்போதுதான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள். நான் போனால் தனியாகத்தான் போக வேண்டும். மாதம் ஒரு தடவை வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டு பஸ் ஏறுகிற பிழைப்பு.

வீட்டுக்கு வந்து, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மென்று முழுங்கிக்கொண்டே சொன்னேன். மரகதம் வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "தர்மபுரியில தாமிரவருணி ஓடுதான்னு கேட்டுட்டு வாங்க, நாளைக்கே மூட்டையைக் கெட்டுதேன்" என்றாள்.

உடன்குடிக் கருப்பட்டி

மறுநாளே வெறி பிடித்த மாதிரிக் கிளம்பினேன். சாத்தான்குளத்தில் ஒன்றும் நடக்கவில்லை. உடன்குடியில் ஒரு கருப்பட்டி வியாபாரி மட்டும் கடைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தார். நானும் மஞ்சள், மல்லி, மிளகு என்று ஒவ்வொன்றாக அரைத்துக் காட்டினேன். அந்த ஜோரில் என் வாய் சும்மா இருக்காமல், "இதுல எதை வேணும்னாலும் போடலாம் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டது. மனுஷன் அதற்காகத்தான் காத்திருந்தார் போல. எழுந்து போய் ஒரு கருப்பட்டியை எடுத்துவந்து, தரையில் ஒரே குத்தாகக் குத்தி, பாதியை அப்படியே ஜாருக்குள் போட்டார்.

சுவிட்சைத் திருகினேன். 'கடக்' என்று ஒரு சத்தம். பிறகு லேசாக ஒரு கரிந்த வாடை. கடையில் இருந்தவர்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் மிக்சியைக் கவிழ்த்து, அடியில் இருக்கிற சிவப்புப் பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்க்கிறேன். ம்ஹும். வியாபாரி தண்ணீர் கொடுத்து, தோளைத் தட்டி, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "மிக்சி சரியில்லைன்னு நான் சொல்ல மாட்டேன் தம்பி. கருப்பட்டி சரியா இருக்குன்னு மட்டும் சொல்லுதேன்."

எந்த ஜாரில் என்ன அரைத்தது

மிக்சியைப் பழுது பார்த்துக்கொண்டு அடுத்து நான் போனது திருநெல்வேலி டவுனில் ஒரு சைவ வீடு. வீட்டம்மா நல்ல மாதிரி. உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். துவையலுக்குத் தேங்காயும் எடுத்துவைத்தாயிற்று. நான் ஜாரை மாட்டும்போது, "இதுல நேத்து என்னத்த அரைச்சிய?" என்று கேட்டார். பொய் சொல்ல நாக்கு வரவில்லை. "கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டுல மீன் குழம்புக்கு மசாலா…" என்று இழுத்தேன். அவ்வளவுதான்! தேங்காய் உள்ளே போய்விட்டது, மிக்சி வாசலுக்கு வந்துவிட்டது, நானும் அதன் பின்னாலேயே வந்தேன். அன்றைக்கே கம்பெனிக்கு எழுதி இன்னொரு பெரிய ஜார் வரவழைத்தேன். ஒன்று சைவம், ஒன்று அசைவம். மாறிவிடக் கூடாதே என்று சைவ ஜாரின் மூடியில் பட்டையாகத் திருநீறும் குங்குமமும் வைத்தேன். அதற்கப்புறம் டவுன் வீடுகளில் எனக்கு ஏக மரியாதை.

அந்தப் பவிசோடு பாளையங்கோட்டைக்குப் போனேன். மரகதத்தோடு வேலை பார்க்கிற எஸ்தர் டீச்சர் வீடு, வேதக்கார வீடு. நான் அவசரத்தில் பையிலிருந்து எடுத்தது திருநீறு பூசின ஜார். டீச்சரின் மாமியார் ஜாரையும் பார்க்கிறார், சுவரில் இருக்கிற சிலுவையையும் பார்க்கிறார். எனக்கு வேர்த்துவிட்டது. "மன்னிச்சிருங்க, வேற ஜார் இருக்கு" என்று பையைத் துழாவினேன். எஸ்தர் டீச்சர் சிரித்துக்கொண்டே ஒரு செம்புத் தண்ணீரோடு வந்தார்: "இருக்கட்டும் அண்ணே, இதுக்கு நாங்களே ஞானஸ்நானம் குடுத்துக்கிடுதோம். நீங்க அரைங்க!"

வீட்டில் எது?

வண்ணாரப்பேட்டையில் ஒரு அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுல எதுல அரைக்காக?" என்று கேட்டார். நம் தொழிலில் இதைவிடப் பொல்லாத கேள்வி உண்டா, சொல்லுங்கள்! செருப்புக் கடைக்காரன் வெறுங்காலோடு நின்ற கதைதான். "அம்மியிலதான்" என்றேன், தலையைக் குனிந்துகொண்டு. அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை: "அப்ப உங்க வீட்டுத் துவையல்தான் ருசியா இருக்கும். ஒரு நா கொண்டாங்க, பொறவு மிக்சியைப் பத்திப் பேசுவோம்."

மறுவீட்டுச் சொதி

இப்படியே ஐப்பசி பிறந்துவிட்டது. தீபாவளிக்கு நாள் நெருங்குகிறது, விற்பனை நெருங்கக் காணோம். அப்போதுதான் மகாராஜநகரில் ஒரு சைவக் கல்யாண வீட்டில் போய் மாட்டினேன். முந்தின நாள் கல்யாணம் முடிந்து, அன்றைக்கு மறுவீட்டு விருந்து. எங்கள் பக்கம் மறுவீடு என்றால் இலையில் சொதி இருந்தாக வேண்டும். தேங்காய்ப்பால்தான் அதற்கு உயிர். முதல் பால், இரண்டாம் பால் என்று தனித்தனியாக எடுக்க வேண்டும். தேங்காய் ஆட்ட வருவதாகச் சொன்ன ஆட்கள் வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வருகிற நேரம். நான் வாசலில் நின்று "மிக்சி…" என்று ஆரம்பித்ததுதான் தாமதம், பெண்ணின் பெரியம்மை என் கையைப் பிடிக்காத குறையாக அடுக்களைக்குக் கூட்டிப் போய்விட்டார்.

நானும் பெருமைக்கு, மிக்சியை வேகமாக வைத்து நிறுத்தாமல் ஓட்டினேன். ஜார் சூடேறி, முதல் ஈடு பால் எண்ணெய் பிரிந்து திட்டுத் திட்டாக மிதந்தது. "ஏ அய்யா, மானத்தை வாங்கிறாதிய!" என்றார் பெரியம்மை. எனக்குக் கண்ணுக்கு முன்னால் தர்மபுரி பஸ் வந்து நின்றது. வருவது வரட்டும் என்று சட்டைக் கையை மடித்துவிட்டேன். பானைத் தண்ணீரைக் கொண்டுவரச் சொன்னேன். கொஞ்சம் ஓட்டு, நிறுத்து, ஜார் சுட்டால் மாற்று. ஒன்று தண்ணீரில் ஆறும்போது மற்றது ஓடியது. அசைவ ஜார் மட்டும் பையைவிட்டு வெளியே வரவில்லை. மிக்சியோடு வந்த சட்னி அரைக்கிற சின்ன ஜாரை வைத்துத்தான் சமாளித்தேன். பால் வெள்ளை வெளேரென்று இறங்கியது. தலையெல்லாம் தேங்காய்ப்பூ, சட்டையெல்லாம் பால். இஞ்சிப் பச்சடிக்கும் நானே அரைத்தேன்.

பந்தி முடிந்ததும் மாப்பிள்ளையின் அத்தை அடுக்களைக்கே வந்து, அரைத்தது யார் என்று கேட்டார். பின்னாலேயே ஏழெட்டுப் பெண்கள். எல்லார் வீட்டிலும் கட்டிக்கொடுத்த பிள்ளைகள் உண்டு, தலைதீபாவளிச் சீர் உண்டு. என் மிக்சியைச் சுற்றி ஒரு கூட்டமே கூடிவிட்டது. பால் ஊறின ஆர்டர் புத்தகத்தை எடுத்து ஒவ்வொருத்தர் பெயராக எழுதினேன். அந்த அத்தை என்னைத் தலையிலிருந்து கால்வரைக்கும் பார்த்துவிட்டு, பெரியம்மை பக்கம் திரும்பினார்: "சொதி பிரமாதம் மதினி. சீருல மிக்சியை மட்டும் வைப்பியளா, அரைச்சவரையும் சேத்து வைப்பியளா?"

மறுபடியும் காபி

தீபாவளி முடிந்த கையோடு மேனேஜர் வந்தார். அதே ஓட்டல், அதே காபி. முகமெல்லாம் சிரிப்பு. கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்களை மாதிரி ஆள் இந்தப் பதவியில இருக்கக் கூடாது. பிரமோஷன் போட்டிருக்கேன். தர்மபுரியை நீங்கதான் தூக்கி நிறுத்தணும்" என்றார்.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "சார், விக்காட்டா தர்மபுரின்னிய. வித்தேன். இப்பவும் தர்மபுரிங்கிய. அப்ப நான் எதுக்கு சார் வித்தேன்? எனக்குப் பிரமோஷன் வேண்டாம், என் பிள்ளை முகத்தைத் தினமும் பாத்தாப் போதும்" என்று சொல்லியே விட்டேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னேன். அவருக்கும் மதுரையில் குடும்பம் இருந்தது. "சரி, இங்கேயே கிடங்க. காபிக்கு மட்டும் இன்னைக்கு நீங்க குடுங்க" என்று எழுந்தார்.

நடந்ததை மரகதத்திடம் சொன்னேன். அவள் கண் கலங்கிவிட்டது, ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை: "பிரமோஷனை வேண்டாம்னுட்டு வந்த மனுசன் இப்பிடி இளிச்சுக்கிட்டு நிக்கதை நான் இப்பத்தான் பாக்குதேன்."

விற்காதவனுக்குத் தண்டனை, விற்றவனுக்குப் பரிசு என்று ரெண்டு பேரையும் ஒரே ஊருக்கு அனுப்பப் பார்க்கிற நம் தொழிலில், ரெண்டுக்கும் தப்பித்து, சாயங்காலமானால் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைக்காக மொபெட்டோடு நின்றேன் பாருங்கள், அதுதான் நான் பார்த்த ஒரே லாபமான வியாபாரம்.