மூன்றாவது மணி

காளியம்மாள் பயந்தவள் என்று சொன்னால் அருப்புக்கோட்டைப் பக்கத்தில் அவளைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். கிணற்றில் விழுந்த ஆட்டைத் தனியாளாக இறங்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்த பெண் அவள். கட்டிக்கொடுத்து ஓசூருக்கு வந்த பிறகுதான் பயம் அவளைப் பிடித்தது. பிடித்ததைப் பெரிதாக்கி வளர்த்துவிட்டது ஒரு ஓட்டைச் செல்போன்.

புருஷன் தங்கதுரைக்கு எல்லை தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை. தகட்டைக் கையால் உள்ளே தள்ளிக் காலால் பெடலை மிதித்தால், மேலேயிருந்து இரும்பு இறங்கி ஒரே அடியில் அதை வெட்டிப் போடும். ஒருநாள் சாயங்காலம் அவன் இடது கையைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, ஒன்றும் நடக்காதவன் மாதிரி வீட்டுக்குள் வந்தான். சுண்டுவிரல் இல்லை. அது போனது காலையில். அந்த நேரத்தில் அவள் குழாயடியில் யாரோ சொன்ன கதைக்கு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். விரல் போனதைவிட அந்தச் சிரிப்புதான் அவளை அறுத்தது.

"எனக்கு ஒரு சேதி தெரியாமப் போச்சே" என்று அதையே சொல்லிச் சொல்லி அழுதாள்.

அந்த அழுகையை நிறுத்தத்தான் போன் வந்தது. தொண்ணூறுகளின் கடைசி, செல்போன் பெரிய மனிதர்களின் சட்டைப்பையில் மட்டும் தலைகாட்டிய சமயம். முதலாளி புதிது வாங்கியதும் பழையதைச் சூப்பர்வைசர் கங்கப்பனிடம் கொடுத்தார். கங்கப்பன் அதைப் போட்டுத் தேய்த்து முடித்துத் தங்கதுரையின் தலையில் கட்டினார். திரை செத்துவிட்டதால் யார் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாது. பேட்டரி ரப்பர் பேண்டின் தயவில் நின்றது. சார்ஜரைப் பிடுங்கினால் மூச்சு நின்றுவிடும். பெங்களூர் லைன் என்பதால் வடக்குச் சன்னலில் மட்டும் டவர் எட்டியது. ஆகவே அதை ஒரு மஞ்சள் பையில் போட்டுச் சன்னல் கம்பியில் தொங்கவிட்டார்கள். ஆனால் மணி மட்டும் கணீரென்று அடிக்கும். தங்கதுரைக்கு அது போதுமாயிருந்தது.

எடுத்துப் பேசினால் எடுத்தவருக்கும் காசு பிடிக்கும் காலம் அது. கம்பெனி வாசலில் இருந்த காயின் பாக்ஸிலோ, யாரும் எடுக்காமல் வைத்துவிட்டால் போட்ட காசு திரும்ப விழும். தங்கதுரை இதை வைத்து ஒரு ஏற்பாடு செய்தான். பக்கத்து வீட்டுக் கரியப்பனும் அவனோடு அதே ஷாப்பில் வேலை செய்தவன், பாகலூர்க்காரன். அவனையும் அவன் மனைவி சென்னம்மாவையும் உட்கார வைத்துக்கொண்டு சொன்னான்.

"ஒரு மணி அடிச்சு நின்னா, நான் வேலை முடிஞ்சு கெளம்பிட்டேன். ரெண்டு அடிச்சு நின்னா கரியப்பன் கெளம்பிட்டாப்ல. மூணாவது மணியும் அடிச்சா ஏதோ ஆயிப்போச்சு. அப்ப மட்டும் பச்சை பட்டனை அமுக்கிப் பேசுங்க."

எல்லாரும் தலையாட்டினார்கள். ஆயிப்போனது யாருக்கு என்று தெரிய ஒரு வழி வேண்டாமா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

முன்பெல்லாம் அவன் வர நேரமானால் அது வெறும் தாமதம். பஸ் கிடைத்திருக்காது என்று தன் வேலையைப் பார்ப்பாள். இப்போது மணி அடிக்க வேண்டிய நேரம் தாண்டினால் அடுப்பில் இருப்பது தீய்ந்தாலும் தெரியாது. கரண்ட் போனால் போன் அணைந்துவிடுமே என்று பல்பையே பார்த்துக்கொண்டிருப்பாள். அடித்தாலோ இன்னும் மோசம். ஒன்றோடு நிற்க வேண்டுமே என்று அந்த ஒரு கணம் உயிர் போய் வரும். நிம்மதிக்காக வாங்கி வந்த சாமான் அவளைத் தினமும் ஒருமுறை கொன்று எழுப்பியது.

சித்திரை மாதத்து ஒரு மத்தியானம், ஷிப்ட் முடிந்து வெகுநேரமாகியும் மணி அடிக்கவில்லை. சென்னம்மா கீரைக்கட்டும் முறமுமாகச் சன்னலடியில் வந்து உட்கார்ந்தாள்.

"அடிச்சுதாக்கா?"

"இன்னும் இல்ல. ஓவர்டைமா இருக்கும்."

"ரெண்டு பேருக்குமா?"

காளியம்மாள் எழுந்துபோய்ச் சார்ஜர் ஒயரை அழுத்திவிட்டு வந்தாள். அவள் உட்காரும் முன் மணி அடித்தது.

ஒன்று. காளியம்மாளின் முகம் தெளிந்தது. மணி நிற்கவில்லை. இரண்டு. "எங்க வூட்டுக்காரருதான்" என்று சென்னம்மா பாதி எழுந்தாள். அப்போதும் நிற்கவில்லை.

மூன்றாவது மணி அடித்தது. இருவரும் அசையவில்லை.

'ஆத்தா, எங்க வீட்டு ஆளா இருக்கக் கூடாது' என்று காளியம்மாள் வேண்டிக்கொண்டாள். அவள் வீட்டு ஆள் இல்லையென்றால் வேறு யார் வீட்டு ஆள் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் வேண்டினாள். ஓரக்கண்ணால் பார்த்தால் சென்னம்மாவின் உதடும் அசைந்துகொண்டிருந்தது. மணி அடித்து அடித்துத் தானாக ஓய்ந்தது.

"நீ எடுத்திருக்கலாம்ல சென்னம்மா?"

"உங்க போனு, அக்கா. நீங்கதான் எடுக்கணும்."

மறுபடியும் அடித்தது. காளியம்மாள் பைக்குள் கையை விட்டாள். தடவியதில் பச்சை பட்டன் எது என்றே புரியவில்லை. எதையோ அமுக்கிக் காதில் வைத்தாள். ஒரே இரைச்சல். இரைச்சலுக்கு நடுவில் ஒரு குரல்.

"காளி..."

"ஏங்க! நீங்களா? நீங்கதான் பேசுறீகளா?" அவள் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. கண்ணில் தண்ணீர் கொட்ட, வாய்விட்டுச் சிரித்தாள். "ஆத்தா கைவிடல! நல்லாருக்கீக! கேக்குது, கேக்குது, உங்க கொரலேதான்!"

அவன் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தான். அவளுக்கு ஒரு வார்த்தையும் ஏறவில்லை. அந்தக் குரல் இருந்தது, அது போதும். சிரித்த முகத்தோடேதான் திரும்பினாள்.

சென்னம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டிருந்தாள். முறம் கவிழ்ந்து கீரை தரையெல்லாம் கிடந்தது. காளியம்மாளின் சிரிப்பையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையாக்கா?" என்று கேட்டாள். "இல்ல, உசுரா?"

அப்போதுதான் புருஷன் சொல்வது காளியம்மாளின் காதில் விழுந்தது.

"...கரியப்பனுக்கு வலது கை, மணிக்கட்டோட. உசுருக்கு ஒண்ணுமில்ல, ஆஸ்பத்திரியிலதான் நிக்கிறேன். காளி, கேக்குதா? அந்தப் புள்ள பயந்துரும். பக்கத்துல உக்காந்து, பக்குவமா எடுத்துச் சொல்லு."