பத்திரம் அக்கா மறந்த கேள்வி

தானாகப் புதுப்பித்துக்கொண்ட மென்பொருள் சந்தாவுக்குப் பணம் திருப்பிக் கேட்டு யார் அழைத்தாலும், "விவரத்தையெல்லாம் பத்திரமா எடுத்து வச்சிட்டீங்களா?" என்றுதான் அந்த மென்பொருள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் இருந்த அவள் தொடங்குவாள். அதனால் அலுவலகத்தில் அவள் பத்திரம் அக்கா. பணம் திரும்பினால் சிறிது நேரத்தில் கணக்கே, அதிலுள்ள விவரங்களோடு அழிந்துவிடும். இன்று ஒரு பல் மருத்துவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்காமலே பணத்தைத் திருப்ப அனுமதி கொடுத்துவிட்டாள். சட்டென்று நினைவு வந்தது. திரும்ப அழைத்தாள்.

"என்னம்மா, கொடுத்த பணத்தைப் பிடுங்கப் போறீங்களா?" என்று சிரித்தார்.

"நோயாளிங்க விவரம் எடுத்தாச்சா டாக்டர்?"

"அது உங்ககிட்டதானே இருக்கு?"

தொழில்நுட்ப அறைக்கு ஓடினாள்.

"கணக்கு அழியறதை நிறுத்திடலாம்க்கா," என்றான் அங்கிருந்தவன். "ஆனா யார் தப்புன்னு எழுதணும். வேலைக்கே உலை வச்சிடுவாங்க."



"என் பேரையே எழுது தம்பி. முதல்ல நிறுத்து."