கையால் அடித்த இருபத்தொன்று

எதை எழுதினாலும் முக்கியமான சொல்லுக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு நட்சத்திரம் போடுவான் தம்பி. பன்னிரண்டு வருடமாக அக்கா பார்த்து வருகிறாள். கடைக்குப் போகும்போது அவன் தரும் சீட்டில் பால்கூட நட்சத்திரங்களுக்கு நடுவில்தான் இருக்கும்.

"பாலுக்கு எதுக்குடா கிரீடம்?"

"அச்சுல தடிச்ச எழுத்தா வரும்க்கா."

"ஏன், கடைக்காரர் அச்சடிக்கப் போறாரா?"

இருவருக்கும் ஒரே மருத்துவமனையில் வேலை. அவள் நான்காம் வார்டு நர்ஸ். அவன் மாடியில் அறிக்கைப் பிரிவில். உட்கார்ந்தாலும் அவன் முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும். அவன் அறிக்கைகள் வெறும் எழுத்துக் கோப்புகள்தான். வரியின் தொடக்கத்தில் ஹேஷ் குறி போட்டால் தலைப்பு. மேலும் கீழும் மும்மூன்று சாய்ந்த சிறு குறிகள் வைத்தால், நடுவில் இருப்பது கணக்குப் போடும் நிரல். வாக்கியத்துக்குள்ளும் எண்ணுக்குப் பதிலாக, குறிகளுக்கு நடுவே நிரலையே பொதிந்துவைப்பான். தரவு மாறினால் எண்ணும் தானாக மாறும்.

"என் அறிக்கையில கைப்பட்ட எண் ஒண்ணுகூட கிடையாதுக்கா" என்று மார்தட்டுவான்.

யானைக்கும் அடி சறுக்கியது. கட்டிலிலிருந்து விழுந்த நோயாளிகளின் கணக்கு அது. இருபத்தைந்துக்கு மேல் போனால் அந்த வார்டுக்கு இன்னொரு நர்ஸ் உண்டு. நான்காம் வார்டு வாக்கியத்தில் ஒரு குறியை மூட மறந்தான். அச்சில் எண் வரவில்லை, நிரலே வந்து நின்றது. அறிக்கை கேட்டு மேலதிகாரி பக்கத்திலேயே நிற்க, நிரலை அழித்துவிட்டு 21 என்று கையால் அடித்தான். மதியம் அதே வார்டிலிருந்து, விழுந்தவர்களைப் பற்றிய ஏழு சீட்டுகள் தாமதமாக வந்தன. நிரலை மறுபடி ஓட்டியதும் அட்டவணை 28 ஆனது. வாக்கியம் அசையவில்லை. ஆள் ஒதுக்கும் குழு படித்தது வாக்கியத்தை மட்டும்.

"மேல இருபத்தொண்ணு, கீழ இருபத்தெட்டு. எதைடா நம்பறது?"

அவன் முகம் செத்துப்போனது. "அவசரத்துல அடிச்சுட்டேன்க்கா. திங்கக்கிழமை திருத்தம் அனுப்பிடறேன்."

"முப்பது கட்டில்டா. நான் ஒருத்தி."

திருத்தத்தை எழுதினான். அனுப்பவில்லை. ஒன்றைத் திருத்தினால் பன்னிரண்டு வருட எண்களையும் கிளறுவார்கள் என்ற பயம். வீட்டில் வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தான்.

எட்டு மாதம் ஆகிறது. இன்று காலைச் சீட்டில் பால், பேட்டரி. கீழே, தனக்கென்று எழுதிக்கொண்டது, நட்சத்திரங்களுக்கு நடுவில்: திருத்தம். அக்கா முதல் இரண்டையும் வாங்கிக்கொண்டு, தனியாளாக வார்டுக்குள் நுழைந்தாள்.