கைப்பையில் கொண்டுபோன டிஸ்க்

இன்று நானும் வீட்டுக்காரரும் ப்ளூ-ரே பிளேயர் வாங்கப் போனோம். அண்ணன் துபாயிலிருந்து வரும்போதெல்லாம் கொண்டுவந்த ப்ளூ-ரே டிஸ்க்குகள் அலமாரி நிறையக் கிடக்கின்றன. எங்கள் பழைய டிவிடி பிளேயரில் அவை ஓடாது.

கடைக்கார அண்ணாச்சி என் பக்கம் திரும்பவே இல்லை. பிக்சர், சவுண்டு, எச்டிஎம்ஐ எல்லாவற்றையும் இவருக்குத்தான் விளக்கினார். இவரும் எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு, இருப்பதிலேயே பெரிய பிளேயரை பேக் பண்ணச் சொல்லிவிட்டார்.

நான் கைப்பையிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்து நீட்டினேன். "அண்ணாச்சி, இதப் போட்டுக் காட்டுங்க."

"எல்லா டிஸ்க்கும் ஓடும்மா. புது மாடல்லா."

இவர் என் காதருகே வந்து, "ஏளா, சும்மா இரு. மானத்த வாங்காத" என்றார்.

"ஓடும்னா ஓட்டிக் காட்டட்டும்" என்றேன்.

அண்ணாச்சி அந்தப் பெரிய பிளேயரில் போட்டார். ஓடவில்லை. துபாயில் விற்கும் டிஸ்க்குக்கு ஒரு மண்டலமாம், இங்கே விற்கும் பிளேயருக்கு வேறு மண்டலமாம்; மண்டலம் மாறினால் படம் ஓடாதாம். வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் வேலை பார்க்கும் இந்த ஊரில் கடை வைத்திருப்பவர், இதை இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

பிறகு கடையில் இருந்த ஒவ்வொரு பிளேயரிலும் என் டிஸ்க்கைப் போட வைத்தேன். கடைசியில், மேல் தட்டில் தூசி படிந்து கிடந்த சின்னப் பிளேயரில் படம் பளிச்சென்று வந்தது. எல்லா மண்டலத்து டிஸ்க்கும் அதில் ஓடுமாம்.

அண்ணாச்சி முதல்முறையாக என்னைப் பார்த்து, "இதையே பில் போட்டுரவா தாயி?" என்று கேட்டார்.

இப்போது இவர் வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரரிடம், "நாந்தாம்ல பாத்து எடுத்தேன். துபாய் டிஸ்க்கும் ஓடும்லா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சொல்லட்டும். ரிமோட் என் கையில்தான் இருக்கிறது. முதலில் என்ன மாதிரிப் படம் போடலாம், நீங்களே சொல்லுங்கள். அவரிடம் கேட்பதாக இல்லை.