பதினாறாம் நாள்

விரலை மடக்கிப் பறவைப் பெட்டியின் பக்கவாட்டில் இரண்டு தட்டு. பிறகு ஓரடி விலகி நின்று, தாய்ப்பறவை வெளியே பறக்க வழிவிடுவார். அதற்குப் பின்தான் கதவின் திருகாணியைக் கழற்றுவார் லவோன் பிக்கெட். "அடுத்தவங்க வீட்டுக்குள்ள சொல்லாம நுழையலாமா?" என்பார். அந்த வீட்டுக்குப் பலகை அறுத்ததும் ஆணி அடித்ததும் அவர்தான் என்பது வேறு விஷயம்.

லவோனுக்கு அறுபத்தொரு வயது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். வீட்டுக்குப் பின்னால் புல்வெளி, அதற்கப்பால் மக்காச்சோள வயல். நடுவே ஓர் இரும்புக் கம்பத்தில், பாம்பும் ரக்கூனும் ஏறாதபடி தகரக் குழாய் மாட்டி, நீலப்பறவைகளுக்கான பெட்டியை நிறுத்தியிருக்கிறார். துளை ஒன்றரை அங்குலம். அதைவிடப் பெரிதானால் மைனா மாதிரியான தடியன்கள் நுழைந்துவிடும். கடையில் வாங்கும் பெட்டிகளில் துளைக்குக் கீழே உட்காரக் குச்சி இருக்கும். அதைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "குச்சி வெக்கறது சிட்டுக்குருவிக்கு வெத்தல பாக்கு வெக்கிற மாதிரி. உள்ள பூந்து முட்டையெல்லாம் கொத்திப் போட்டுடும்." ஊரில் யாரிடமும் கோபப்படாத லவோனுக்கு ஒரே பகை சிட்டுக்குருவிதான்.

குளிர்பதனப் பெட்டியில் வெண்ணெய் டப்பா ஒன்று இருக்கும். அதில் நெளிவது மாவுப்புழு. ஒருமுறை உறவுக்காரப் பெண் ஒருத்தி ரொட்டியில் தடவ அதைத் திறந்துவிட்டு, அப்புறம் இரண்டு வருஷம் அந்த வீட்டில் கை நனைக்கவில்லை. காலையில் ஒரு பிடிப் புழுவைக் கிண்ணத்தில் போட்டு லவோன் விசிலடித்தால், வயலோரக் கம்பியில் காத்திருக்கும் நீலப்பறவை ஜோடி இறங்கி வரும். பேருந்தில் பிள்ளைகளை அடக்கவும் அதே விசில்தான். பிள்ளைகள் அவ்வளவாகக் கேட்பதில்லை.

சென்ற ஆண்டு ஒரு பிசகு நடந்தது. அக்கா வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தபோது குஞ்சுகள் பொரிந்திருந்தன. தான் பார்த்த நாளையே முதல் நாளாக எண்ணிக்கொண்டார் லவோன். பதின்மூன்று நாளுக்கு மேல் ஆன குஞ்சுகள் இருந்தால் பெட்டியைத் திறக்கவே கூடாது. மிரண்டு, இறகு முற்றாமலே குதித்துவிடும். அவர் கணக்கில் பன்னிரண்டாம் நாள், குஞ்சுகளின் கணக்கில் பதினான்கு. கதவு திறந்ததும் நான்கும் புல்லில் விழுந்தன. இரண்டைப் பக்கத்து வீட்டு மெர்ல் வளர்க்கும் பூனை கவ்விக்கொண்டு போயிற்று.

அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் இந்த மே மாதம் மெர்ல் பூனையை வெளியே விடவில்லை. லவோனும் பன்னிரண்டாம் நாள் வந்ததும் தன் திருப்புளியைக் கொண்டுபோய் மெர்லிடம் கொடுத்துவிட்டார். "நானே வந்து கேட்டாலும் குடுக்காத" என்று சொல்லியிருந்தார்.

இந்த முறை ஐந்து குஞ்சுகள். ஒன்பதாம் நாள் பருந்து ஆண்பறவையைத் தூக்கிவிட்டது. பெண் தனியாக இரை சுமந்தது. பதினாறாம் நாள், சனிக்கிழமை, காலையிலிருந்து அதையும் காணவில்லை. கிண்ணத்துப் புழு அப்படியே கிடந்தது. மூன்று தடவை விசிலடித்துப் பார்த்தார். நண்பகலுக்குள் லவோன் நன்றாகவே பயந்துபோயிருந்தார். வேலியைத் தாண்டி மெர்லுடைய கொட்டகைக்குப் போய்க் கையை நீட்டினார்.

"கேட்டாலும் குடுக்காதன்னு நீதான சொன்ன?" என்றார் மெர்ல்.

"ஆத்தாக்காரி போயிட்டிருந்தா உள்ள அஞ்சும் பட்டினியில சாவும். எடுத்து நானே ஊட்டணும்."

"ஆத்தா உசுரோட இருந்து, நீ தெறந்துட்டீன்னா?"

லவோன் நீட்டிய கையை இறக்கவில்லை. மெர்ல் சற்று யோசித்துவிட்டுத் திருப்புளியை எடுத்துக் கொடுத்தார். தானும் பின்னாலேயே வந்து வேலியோரம் நின்றுகொண்டார்.

அன்று லவோன் பெட்டியைத் தட்டவில்லை. திருகாணி பாதி வெளியே வந்தபோது உள்ளே மெல்லிய கீச்சொலி கேட்டது. கை நின்றுவிட்டது. பத்தடி பின்வாங்கி மறுபடி விசிலடித்தார். உதடு உலர்ந்து காற்றுதான் வந்தது. எச்சிலால் நனைத்துக்கொண்டு இன்னொரு முறை அடித்தார். வயலோரக் கம்பியில் எதுவும் இல்லை. மெர்ல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். லவோன் கையமர்த்தினார்.

மக்காச்சோளத் தாள்களுக்குள்ளிருந்து அது வந்தது. ஒரு பக்கச் சிறகில் இறகு பிய்ந்திருந்தது. கிண்ணத்தில் உட்கார்ந்து, வாய் கொள்ளுமட்டும் புழுவை அள்ளிக்கொண்டு துளைக்குள் தலையை நுழைத்தது. உள்ளே ஐந்தும் ஒரே நேரத்தில் கத்தின.

"அடி கழுத, எங்கடி போயிருந்த?" என்றார் லவோன், யாருக்கும் கேட்காத குரலில்.

அது மறுபடி பறந்து போகும்வரை காத்திருந்தார். பிறகு பெட்டியருகே போய்த் திருகாணியை உள்ளே முடுக்கினார். அது இறுகி நின்ற பிறகும், பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு சுற்று.